மூடி வச்ச லேப்டாப் பைக்குள்ள சூடாகுதா, சார்ஜ் கரையுதா? எங்க பாக்கணும், என்ன மாத்தணும்

நைட்டு 80 பர்சென்ட்ல மூடி வச்ச லேப்டாப்பை காலைல திறந்தா 30ல நிக்குது. இல்லன்னா ஆபீஸ்லேருந்து பையில போட்டு வீட்டுக்கு வந்து எடுத்தா அடிப்பக்கம் கை வைக்க முடியல, ஃபேன் வேற ஓடிட்டே இருக்கு. இந்த ரெண்டுல எது நடந்திருந்தாலும் பேட்டரி போச்சுன்னு முடிவு கட்டிட்டு உடனே கடைக்குப் போகாதீங்க. நிறைய பேரு அப்படித்தான் காசு குடுத்து புது பேட்டரி மாத்தறாங்க, மாத்தின அப்புறமும் அதே சூடு, அதே சார்ஜ் இறக்கம். ஏன்னா பெரும்பாலான கேஸ்ல பேட்டரி மேல தப்பே இல்ல, நீங்க மூடினப்போ லேப்டாப் தூங்கல, தூங்கின மாதிரி ஸ்கிரீனை மட்டும் அணைச்சுட்டு உள்ள வேலை பாத்துட்டு இருந்திருக்கு.

இதுல நான் எழுதறது முக்கியமா விண்டோஸ் 10, 11 ஓடற லேப்டாப்புக்கு. மேக், லினக்ஸ் வச்சிருக்கவங்களுக்குக் கடைசிப் பக்கம் கொஞ்சம் இருக்கு.

ஸ்லீப்னா என்ன நடக்குதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க

பழைய லேப்டாப்ல ஸ்லீப் போட்டா எஸ்3ன்னு ஒரு நிலைக்குப் போகும். அதுல பிராசஸர் முழுசா ஆஃப், ஃபேன் ஆஃப், வைஃபை ஆஃப், ரேமுக்கு மட்டும் கொஞ்சூண்டு கரன்ட் போயிட்டு இருக்கும், அவ்ளோதான். பையில போட்டாலும் பிரச்சனை இல்ல, அதனாலதான் மூடினா போதும்ங்கற பழக்கம் நமக்கு வந்துச்சு.

2012ல விண்டோஸ் 8 வந்தப்போ கனெக்டட் ஸ்டேண்ட்பைன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, அதுதான் விண்டோஸ் 10ல மாடர்ன் ஸ்டேண்ட்பைன்னு ஆச்சு, டெக்னிக்கலா எஸ்0 லோ பவர் ஐடில்னு சொல்வாங்க. போன் மாதிரி லேப்டாப்பும் தொட்டவுடனே முழிக்கணும், மூடியிருக்கும்போதே மெயில் வரணும், அப்டேட் இறங்கணும்ங்கறது ஐடியா. அதனால மெஷின் ஆஃப் ஆகறது இல்ல, அடுப்பை அணைக்காம சிம்ல வச்சிருக்க மாதிரி எல்லாம் மெதுவா ஓடிட்டு இருக்கும். எல்லா டிரைவரும் (ஒவ்வொரு பார்ட்டையும் விண்டோஸோட பேச வைக்கற சாஃப்ட்வேர்) எல்லா ஆப்பும் ஒழுங்கா அடங்கி உக்காந்தா இது நல்லாவே வேலை செய்யும், ஆனா அதுல ஏதாவது ஒண்ணு அடங்கலன்னா பிராசஸர் ஆழமா தூங்கப் போகவே முடியாது, மூடின பைக்குள்ள அந்தச் சூட்டுக்கு வெளியேற வழியும் கிடையாது. சமீபத்துல வந்த நிறைய லேப்டாப்ல கம்பெனிக்காரங்க பழைய எஸ்3யை அடியோட எடுத்துட்டாங்க, அதனால திரும்ப அதுக்கே போயிடலாம்னு பாத்தாலும் பல மாடல்ல முடியாது.

எவ்ளோ இறங்கினா நார்மல்னு ஒரு கணக்கு வேணும். 50 வாட் ஹவர் பேட்டரின்னு வச்சுக்கங்க, மணிக்கு 1 பர்சென்ட் இறங்குதுன்னா அரை வாட் செலவாகுது, இது ஓகே. ராத்திரி 8 மணி நேரத்துல 5லேருந்து 8 பர்சென்ட் குறைஞ்சா கவலைப்படாதீங்க. மணிக்கு 3, 4ன்னு போனா ஏதோ ஒண்ணு முழிச்சிருக்கு. பையில சூடாகுதுன்னா அது 10 வாட் கிட்ட இழுத்துட்டு இருக்கலாம், அந்த வேகத்துல ஃபுல் சார்ஜே 5 மணி நேரத்துல காலி.

இன்னிக்கே பண்ண வேண்டியது: ஹைபர்னேட்

காரணம் கண்டுபிடிக்க ரெண்டு மூணு நாள் ஆகலாம், அதுவரைக்கும் லேப்டாப் தினமும் பைக்குள்ள வேகக் கூடாது, அதனால முதல்ல இதைப் பண்ணிடுங்க. ஹைபர்னேட்னா ரேம்ல இருக்கற எல்லாத்தையும் எஸ்எஸ்டில எழுதி வச்சுட்டு மெஷின் நிஜமாவே ஆஃப் ஆயிடும். திரும்ப ஆன் பண்ணா நீங்க திறந்து வச்சிருந்த டேப், பாதில விட்ட எக்ஸெல் எல்லாம் விட்ட இடத்துலயே இருக்கும். எஸ்எஸ்டி இருக்கற மெஷின்ல முழிக்கறதுக்கு ஸ்லீப்பை விட சில செகண்ட்தான் கூட ஆகும், அந்த சில செகண்டுக்காக பேட்டரியை வேக வைக்கறது நியாயமே இல்ல, இது என்னோட உறுதியான கருத்து.

ஸ்டார்ட் மெனுவைத் திறந்து இங்கிலீஷ்ல லிட்னு (எல், ஐ, டி) டைப் பண்ணுங்க, மூடியை மூடினா என்ன ஆகணும்னு மாத்தற செட்டிங் மேல வரும். அது கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸுக்குள்ள இருக்கற பேஜ். அங்க ரெண்டு காலம் இருக்கும், ஒண்ணு ஆன் பேட்டரி, இன்னொண்ணு ப்ளக்டு இன். வென் ஐ க்ளோஸ் த லிட்ங்கற வரியில ஆன் பேட்டரிக்குக் கீழ ஹைபர்னேட்னு மாத்துங்க. ப்ளக்டு இன்ல ஸ்லீப்பாவே இருக்கட்டும், வீட்ல டேபிள் மேல சார்ஜர்ல இருக்கும்போது அது ஒண்ணும் பண்ணாது.

லிஸ்ட்ல ஹைபர்னேட்டே காணோம்னா பயப்படாதீங்க, நிறைய மெஷின்ல அது மறைஞ்சுதான் இருக்கும். அதே பேஜ்ல மேல சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவைலபிள்னு நீலக் கலர்ல ஒரு லிங்க் இருக்கும், அதைத் தட்டினா கீழ ஷட்டவுன் செட்டிங்ஸ்ல டிக் போடற பெட்டி எல்லாம் உயிர் பெறும், ஹைபர்னேட்டுக்கு டிக் போட்டு சேவ் சேஞ்சஸ் குடுங்க. அந்தப் பெட்டியே இல்லன்னா கமாண்ட் அடிச்சு ஆன் பண்ணணும்.

கமாண்ட்னதும் ஓடிடாதீங்க, இந்தக் கட்டுரை முழுக்க ஒரே ஒரு கமாண்ட்தான் திரும்பத் திரும்ப வரும். ஸ்டார்ட் பட்டன் மேல ரைட் கிளிக் பண்ணி டெர்மினல் அட்மின் எடுங்க, விண்டோஸ் 10ல அது பவர்ஷெல் அட்மின் இல்ல கமாண்ட் ப்ராம்ப்ட் அட்மின்னு இருக்கும், எதுவா இருந்தாலும் சரி, அட்மின்ங்கறது மட்டும் முக்கியம். இனிமே நான் பவர்சிஎஃப்ஜின்னு எழுதற இடத்துல எல்லாம் பவர்ங்கற இங்கிலீஷ் வார்த்தை, அதோட ஒட்டி சி, எஃப், ஜி மூணு எழுத்து, நடுவுல இடைவெளி கிடையாது. எல்லாம் சின்ன எழுத்துலயே அடிக்கலாம். ஸ்லாஷ்னு சொல்றது கேள்விக்குறி கீல இருக்கற சாஞ்ச கோடு. இப்போ ஹைபர்னேட் ஆன் பண்ண: பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, ஸ்லாஷ் ஹைபர்னேட், இடைவெளி, ஆன். என்டர் தட்டினா ஒண்ணும் சொல்லாம அடுத்த வரிக்குப் போகும், அப்படிப் போனா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். சி டிரைவ்ல கொஞ்சம் இடம் போகும், சாதாரணமா ரேம்ல 40 பர்சென்ட் அளவு, 16 ஜிபி ரேம்னா ஆறரை ஜிபி கிட்ட. அந்த இடம் இல்லன்னா முதல்ல டவுன்லோட்ஸ் ஃபோல்டரைக் காலி பண்ணுங்க.

மூடினவுடனே பையில திணிக்காதீங்க. ரேம்ல இருக்கறது எஸ்எஸ்டிக்குப் போறதுக்கு சில செகண்ட் ஆகும், பவர் லைட்டைப் பாருங்க. ஸ்லீப்ல இருந்தா நிறைய மாடல்ல அந்த லைட் மெதுவா மங்கி மங்கி எரியும், ஹைபர்னேட் ஆயிடுச்சுன்னா சுத்தமா அணைஞ்சிடும். லைட் அணைஞ்சு ஃபேன் சத்தமும் நின்ன அப்புறம் பையில போடுங்க.

மூடும்போது ஸ்லீப்தான் வேணும், பத்து நிமிஷத்துல திரும்பத் திறப்பேன்னு சொல்றவங்களுக்கு நடுவழி ஒண்ணு இருக்கு. முதல்ல ஸ்லீப், அரை மணி நேரம் தொடலன்னா தானா ஹைபர்னேட். பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, ஸ்லாஷ் சேஞ்ச், இடைவெளி, ஹைபர்னேட் ஹைஃபன் டைம்அவுட் ஹைஃபன் டிசி, இடைவெளி, 30. கடைசில இருக்கற 30 நிமிஷக் கணக்கு, டிசின்னா பேட்டரில ஓடும்போது மட்டும். இது வீட்டுக்குள்ள ரூம் ரூமா தூக்கிட்டுப் போறவங்களுக்கு நல்லது, ஆனா பஸ்ல, டிரெயின்ல பையோட போறவங்களுக்கு அந்த அரை மணி நேரமே சூடேறப் போதும், அவங்க நேரா ஹைபர்னேட் வச்சுக்கறதுதான் சரி.

இன்னொரு பழக்கம், இதுக்குக் கமாண்ட் எதுவும் வேணாம். கிளம்பும்போது சார்ஜரை முதல்ல கழட்டுங்க, அப்புறம் மூடியை மூடுங்க. மாத்திப் பண்ணா, அதாவது சார்ஜர் இருக்கும்போதே மூடிட்டு அப்புறம் பின்னைப் புடுங்கினா, முதல்ல நீங்க மாத்தின செட்டிங்கே வேலை செய்யாது, ஏன்னா மூடின நேரத்துல அது ப்ளக்டு இன், அதுக்கு நீங்க வச்சிருக்கறது ஸ்லீப். அதுபோக சில மெஷின் சார்ஜர்ல இருக்கற நினைப்புலயே நெட்டோட பேசிட்டு அப்டேட் இறக்கிட்டு இருக்கும், பின்னைப் புடுங்கினதையே கண்டுக்காது. பையில சூடாகற கேஸ்ல இந்த ஒண்ணை மட்டும் மாத்தி சரியானவங்க நிறைய பேரு.

இப்போ உங்க மெஷின் எந்த ஜாதி ஸ்லீப்னு பாருங்க

அதே டெர்மினல்ல பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, ஸ்லாஷ் ஏ. ரெண்டு பகுதியா பதில் வரும், மேல இருக்கறது உங்க மெஷின்ல கிடைக்கற தூக்க நிலை, கீழ இருக்கறது கிடைக்காதது, ஏன் கிடைக்காதுன்னு காரணத்தோட. மேல ஸ்டேண்ட்பை எஸ்3ன்னு இருந்தா உங்களுது பழைய முறை. ஸ்டேண்ட்பை எஸ்0 லோ பவர் ஐடில்னு இருந்தா மாடர்ன் ஸ்டேண்ட்பை. இதைப் பொறுத்துதான் அடுத்து எங்க தேடணும்ங்கறது மாறும்.

எஸ்3ன்னு வந்தா

இந்த மெஷின் ஒழுங்கா தூங்கும், ஆனா யாரோ எழுப்பி விடறாங்க. யாருன்னு கேக்க, சூடா இருந்த லேப்டாப்பைத் திறந்த உடனே பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, ஸ்லாஷ் லாஸ்ட்வேக் அடிங்க, கடைசியா எழுப்பினது எதுன்னு பேரோட வரும். யாரு யாருக்கு எழுப்பற உரிமை இருக்குன்னு மொத்த லிஸ்ட் வேணும்னா பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, ஸ்லாஷ் டிவைஸ்குவரி, இடைவெளி, வேக் அண்டர்ஸ்கோர் ஆர்ம்டு.

எங்க அக்கா பையன் காலேஜுக்குக் கொண்டு போற விண்டோஸ் 10 லேப்டாப் தினம் சாயங்காலம் பையில கொதிச்சுட்டு வரும், "மாமா, போன மாசம்தான் சர்வீஸ் குடுத்தோம், பிராசஸர் மேல பூசற தெர்மல் பேஸ்ட் எல்லாம் மாத்திட்டாங்க, அப்படியும் இப்படித்தான் இருக்கு"ன்னு கொண்டு வந்தான். லாஸ்ட்வேக் அடிச்சா ஹெச்ஐடி கம்ப்ளையன்ட் மவுஸ்னு வந்துச்சு. பாத்தா யூஎஸ்பி போர்ட்ல வயர்லெஸ் மவுஸோட டாங்கிள் சொருகினபடியே இருக்கு, மவுஸ் பையோட முன் ஜிப்ல கெடக்கு, அடியில இருக்கற சுவிட்ச் ஆன்ல இருக்கு. பஸ் குலுங்கும்போதெல்லாம் மவுஸ் அசையுது, லேப்டாப் முழிக்குது, திரும்பத் தூங்கப் போறதுக்குள்ள அடுத்த குலுக்கல். டிவைஸ் மேனேஜர்ல மைஸ் அண்ட் அதர் பாயின்டிங் டிவைசஸ் திறந்து, அந்த மவுஸை டபுள் கிளிக் பண்ணி, பவர் மேனேஜ்மென்ட் டேப்ல அலவ் திஸ் டிவைஸ் டு வேக் த கம்ப்யூட்டர்ங்கற டிக்கை எடுத்து விட்டோம், அதோட சூடு நின்னுச்சு. நெட்வொர்க் கார்டு மாதிரி வேற எது லிஸ்ட்ல வந்தாலும் டிவைஸ் மேனேஜர்ல அதோட பவர் மேனேஜ்மென்ட் டேப்ல இதே டிக்தான். கீபோர்டுக்கும் பவர் பட்டனுக்கும் மட்டும் விட்டு வைங்க, வீட்ல முழிக்க வைக்க ஏதாவது ஒண்ணு வேணுமே.

லாஸ்ட்வேக்ல டைமர்னு வந்தா அது ஏதோ ஷெட்யூல் போட்ட வேலை. விண்டோஸோட ஆட்டோமேட்டிக் மெயின்டனன்ஸ் சாதாரணமா ராத்திரி 2 மணிக்கு வச்சிருக்கும், அப்டேட்டும் சில நேரம் டைமர் வைக்கும். பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, ஸ்லாஷ் வேக்டைமர்ஸ் அடிச்சா இப்போதைக்கு எது அலாரம் வச்சிருக்குன்னு காட்டும். கன்ட்ரோல் பேனல் பவர் ஆப்ஷன்ஸ்ல அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் திறந்து, ஸ்லீப்புக்குக் கீழ அலவ் வேக் டைமர்ஸ், அதுல ஆன் பேட்டரிக்கு டிசேபிள் வச்சுடுங்க. இது மாடர்ன் ஸ்டேண்ட்பை மெஷின்ல இருந்தாலும் பண்ணலாம், கெடுதல் இல்ல.

எஸ்0ன்னு வந்தா: ஸ்லீப் ஸ்டடி

இங்க லாஸ்ட்வேக் பெருசா உதவாது, ஏன்னா மெஷின் முழிக்கறது இல்ல, ஒழுங்கா தூங்கவே போறது இல்ல. விண்டோஸ்லயே இதுக்கு ஒரு ரிப்போர்ட் இருக்கு, மைக்ரோசாஃப்ட் பண்ணதுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயங்கள்ல ஒண்ணு, ஆனா பாதிப் பேருக்கு இது இருக்கறதே தெரியாது. பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, ஸ்லாஷ் ஸ்லீப்ஸ்டடி. முடிஞ்சதும் ஃபைல் எங்க சேவ் ஆச்சுன்னு அதே இடத்துல எழுதும், அந்த அட்ரஸை காப்பி பண்ணி குரோம்லயோ எட்ஜ்லயோ பேஸ்ட் பண்ணா ரிப்போர்ட் திறக்கும். சும்மா அடிச்சா கடைசி 3 நாள் வரும், ஒரு வாரத்துக்கு வேணும்னா பின்னாடி இடைவெளி விட்டு ஸ்லாஷ் டியூரேஷன், இடைவெளி, 7 சேத்துக்கங்க.

திறந்ததும் நிறைய கோடும் நம்பருமா இருக்கும், எல்லாத்தையும் படிக்க வேணாம். நீங்க மூடி வச்சிருந்த நேரத்தோட வரியைத் தேடுங்க, பக்கத்துல எவ்ளோ நேரம், எவ்ளோ சார்ஜ் போச்சுன்னு இருக்கும். நல்லா தூங்கின வரி பச்சை, மோசமான வரி சிவப்பு, நடுத்தரம் ஆரஞ்சு. சிவப்பு வரியைத் தட்டுங்க, கீழ டாப் அஃபெண்டர்ஸ்னு ஒரு டேபிள் வரும், அதுல முதல் ரெண்டு மூணு பேருதான் உங்க ஆளு.

அதே வரியில ஹெச்டபிள்யூ, எஸ்டபிள்யூன்னு ரெண்டு பர்சென்ட் இருக்கும், இதை நிதானமா பாருங்க, பாதி வேலை இதுலயே முடிஞ்சிடும். எஸ்டபிள்யூங்கறது சாஃப்ட்வேர் எவ்ளோ நேரம் அடங்கி இருந்துச்சுன்னு, ஹெச்டபிள்யூங்கறது ஹார்டுவேர் நிஜமா எவ்ளோ நேரம் ஆழ்ந்த தூக்கத்துல இருந்துச்சுன்னு. ரெண்டும் 90க்கு மேல இருந்தா நல்ல தூக்கம். உதாரணத்துக்கு எஸ்டபிள்யூ 96, ஹெச்டபிள்யூ 2ன்னு இருந்தா ஆப் எல்லாம் அமைதியாத்தான் இருந்துச்சு, ஆனா ஏதோ ஒரு டிரைவரோ பார்ட்டோ பயாஸோ (லேப்டாப் ஆன் ஆகும்போது விண்டோஸுக்கு முன்னாடி ஓடற அடிப்படை சாஃப்ட்வேர்) சிஸ்டத்தைக் கீழ இறங்க விடல. இந்த கேஸ்ல நீங்க எத்தனை ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணாலும் பிரயோஜனம் இல்ல, தேட வேண்டியது டிரைவர் பக்கம். எஸ்டபிள்யூவே 20, 30ன்னு இருந்தா ஏதோ ஒரு ப்ரோக்ராமோ அப்டேட்டோ நெட்வொர்க் வேலையோ முழிச்சிருந்திருக்கு.

எஸ்டபிள்யூ கம்மின்னா பண்ண வேண்டியது சுலபம். ஒரு ராத்திரி மூடறதுக்கு முன்னாடி ஏரோப்ளேன் மோட் போட்டு மூடிப் பாருங்க. சார்ஜ் இறங்கறது நின்னுச்சுன்னா குற்றவாளி நெட்வொர்க் பக்கம், கிளவுட்ல ஃபைல் ஏத்தற ஆப், மெயில், அப்டேட், வைஃபை டிரைவர் இதுல ஒண்ணு. சில மெஷின்ல அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ்லயே நெட்வொர்க்கிங் கனெக்டிவிட்டி இன் ஸ்டேண்ட்பைன்னு இருக்கும், அதை ஆன் பேட்டரிக்கு டிசேபிள் பண்ணிடலாம், காலைல மெயில் அஞ்சு செகண்ட் லேட்டா வரும், அவ்ளோதான் நஷ்டம். ஏரோப்ளேன் மோட்லயும் அதே மாதிரி இறங்குதுன்னா பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, ஸ்லாஷ் ரிக்வெஸ்ட்ஸ் அடிங்க, தூங்க விடாதீங்கன்னு சிஸ்டம்கிட்ட கேட்டு வச்சிருக்கறவங்க லிஸ்ட் வரும். பாட்டு நிறுத்தாம விட்ட பிரவுசர் டேப், மீட்டிங் முடிஞ்சும் க்ளோஸ் பண்ணாத கால் ஆப் இதெல்லாம் ஆடியோ ஸ்ட்ரீம் ஓடுதுன்னு அங்க மாட்டும்.

எஸ்டபிள்யூ அதிகம், ஹெச்டபிள்யூ கம்மி, அதாவது டிரைவர் பக்கம்னா உங்க லேப்டாப் கம்பெனியோட சப்போர்ட் பேஜுக்குப் போய் மாடல் நம்பரைப் போட்டு பயாஸ், சிப்செட், கிராஃபிக்ஸ், வைஃபை, ஆடியோ டிரைவர் எல்லாம் அங்கேருந்தே எடுங்க. டிரைவர் அப்டேட் பண்ணித் தரோம்னு விளம்பரம் வர்ற சாஃப்ட்வேர் எதையும் தொடாதீங்க. அஃபெண்டர்ஸ்ல எந்தப் பேரு இருக்கோ அதுலேருந்து ஆரம்பிங்க, ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்தி, ஒரு ராத்திரி மூடி வச்சு, திரும்ப ஸ்லீப் ஸ்டடி எடுத்துப் பாருங்க. அஞ்சையும் ஒண்ணா மாத்தினா எது சரி பண்ணுச்சு, எது புதுசா கெடுத்துச்சுன்னு உங்களுக்கே தெரியாமப் போயிடும்.

பயாஸ் அப்டேட்ல மட்டும் ரொம்ப கவனம். சார்ஜர் சொருகியிருக்கணும், பேட்டரியும் பாதிக்கு மேல இருக்கணும், கரன்ட் போனாலும் நடுவுல நிக்கக் கூடாது. அதை விட முக்கியம் பிட்லாக்கர், அதாவது டிரைவ்ல இருக்கறதை என்க்ரிப்ட் பண்ணி, கீ இல்லாம யாரும் படிக்க முடியாதபடி பூட்டற விண்டோஸ் வசதி. நிறைய புது லேப்டாப்ல நீங்க ஆன் பண்ணாமலே டிரைவ் என்க்ரிப்ட் ஆகியிருக்கும், பயாஸ்ல கை வச்சா 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிக்கலாம், அப்போ கீ இல்லன்னா உள்ள இருக்கற போட்டோ, ப்ராஜெக்ட் எதுவுமே வெளிய வராது. அதனால மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணி அந்த கீ இருக்கான்னு பாத்து பேப்பர்ல எழுதி வச்சுட்டு, அதுக்கப்புறம் பயாஸ் பக்கம் போங்க. கீ இல்லாம தொடவே தொடாதீங்க.

எஸ்எஸ்டி மாத்தினதுக்கு அப்புறம்தான் இந்தப் பிரச்சனை ஆரம்பிச்சுதா? அதையும் சந்தேகப்படுங்க, சில எஸ்எஸ்டி தூக்க நிலைக்கு ஒழுங்கா இறங்காது, அது இறங்கலன்னா மொத்த சிஸ்டமும் இறங்காது. எஸ்எஸ்டி கம்பெனியோட டூல் வச்சு ஃபர்ம்வேர் (எஸ்எஸ்டிக்குள்ளயே ஓடற சாஃப்ட்வேர்) அப்டேட் இருக்கான்னு பாருங்க.

மூடி வச்சிருக்கும்போதும் யூஎஸ்பி போர்ட்லேருந்து போன் சார்ஜ் ஆகற வசதி சில மாடல்ல உண்டு, லெனோவால ஆல்வேஸ் ஆன் யூஎஸ்பின்னு, டெல்ல பவர்ஷேர்னு இருக்கும். சூடெல்லாம் இல்ல, கொஞ்சம் கொஞ்சமா சார்ஜ் மட்டும் போகுதுன்னா பயாஸ்ல அதை ஆஃப் பண்ணிப் பாருங்க.

நெட்ல தேடினா ரெஜிஸ்ட்ரில (விண்டோஸ் தன்னோட உள் செட்டிங் எல்லாம் வச்சிருக்கற இடம்) பிளாட்ஃபார்ம்ஏஓஏசிஓவர்ரைடுன்னு ஒண்ணு போட்டு மாடர்ன் ஸ்டேண்ட்பையை அணைக்கச் சொல்லுவாங்க. உங்க பயாஸ்ல எஸ்3 ஒளிஞ்சிருந்தா அது வேலை செய்யும், இல்லாத மெஷின்ல போட்டா ஸ்லீப்ங்கற ஆப்ஷனே காணாமப் போயிடும். சில திங்க்பேட் மாடல்ல மட்டும் பயாஸ்ல கான்ஃபிக், பவர்னு போனா ஸ்லீப் ஸ்டேட்னு அதிகாரபூர்வமாவே ஒரு செட்டிங் இருக்கும், அதுல லினக்ஸ்னு மாத்தினா எஸ்3 கிடைக்கும். அந்த மாதிரி கம்பெனியே குடுத்த வழி இருந்தா பண்ணுங்க, புதுசா பழகறவங்க ரெஜிஸ்ட்ரி வழி வேணாம்னுதான் சொல்லுவேன், ஹைபர்னேட் இருக்கும்போது அந்த ரிஸ்க் தேவையே இல்ல.

ஷட்டவுன் பண்ணித்தானே போடறேன்னு சொல்றவங்களுக்கு

ஷட்டவுன் பண்ணா பையில சூடாகாது, அது சரி. ஆனா ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா ஷட்டவுன்ங்கறது பாதி ஹைபர்னேட்தான், விண்டோஸோட உள்பகுதியும் டிரைவரும் அப்படியே சேவ் ஆகி திரும்ப அதே நிலையில வரும், அதனால குழம்பிப் போன டிரைவர் குழப்பத்தோடயே எழுந்து வரும். டிரைவர் மாத்தின பிறகு, ஏதாவது வினோதமா நடக்கும்போது எல்லாம் ரீஸ்டார்ட் குடுங்க, ரீஸ்டார்ட்தான் முழுசா புதுசா ஆரம்பிக்கும்.

சூடா எடுத்துட்டீங்க, அந்த நிமிஷம் என்ன பண்றது

பையிலேருந்து எடுத்து மேஜை மாதிரி கெட்டியான இடத்துல மூடியைத் திறந்து வைங்க, மெத்தை மேல வேணாம். ஸ்கிரீன் வரலன்னா பவர் பட்டனை 10, 15 செகண்ட் அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணுங்க. சூடா இருக்கும்போது சார்ஜ் போடாதீங்க, லித்தியம் பேட்டரிக்குச் சூடும் ஃபுல் சார்ஜும் சேந்து வர்றதுதான் ரொம்பக் கெடுதல். ஃப்ரிட்ஜ்ல வைக்கறது, ஏசி காத்துக்கு நேரா மூக்குல காட்டற மாதிரி வைக்கறது எல்லாம் வேண்டாம், உள்ள ஈரம் கோத்துக்கும். ஃபேன் காத்துல அரை மணி நேரம் விட்டா போதும்.

அப்புறம் லேப்டாப்பை சமமான இடத்துல வச்சு கண்ணு மட்டத்துக்குக் குனிஞ்சு பக்கவாட்டுல பாருங்க. டச்பேட் ஒரு பக்கம் எழும்பி நிக்குதா, கிளிக் ஆக மாட்டேங்குதா, மூடி முழுசா மூடாம இடைவெளி விடுதா, அடிப்பக்கம் உப்பி லேப்டாப் ஆடுதா. இதுல எது இருந்தாலும் பேட்டரி உப்பிடுச்சுன்னு அர்த்தம், அந்த நிமிஷமே ஆஃப் பண்ணிடுங்க, சார்ஜ் போடாதீங்க, உப்பின இடத்தை அமுக்காதீங்க, நீங்களா கழட்டி குத்திப் பாக்காதீங்க, அது தீப்பிடிக்கக் கூடிய விஷயம். நேரா சர்வீஸ் சென்டர். குப்பைத் தொட்டில போடறதும் கூடாது.

உபயோகிக்கும்போதும் சூடாகுது, மூடி வச்சாலும் சூடாகுதுன்னா ஃபேன்ல தூசி அடைச்சிருக்கலாம், அது தனிப் பிரச்சனை, க்ளீன் பண்ணணும். ஆனா திறந்து வேலை பாக்கும்போது சாதாரணமா இருந்து, மூடினா மட்டும் சூடாகற மெஷினுக்கு பேஸ்ட் மாத்தறதால ஒண்ணும் ஆகப் போறது இல்ல.

பேட்டரி நிஜமாவே போச்சான்னு எப்படித் தெரியும்

பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, ஸ்லாஷ் பேட்டரிரிப்போர்ட். அதே மாதிரி ஃபைல் அட்ரஸ் குடுக்கும், திறந்து டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டின்னு ரெண்டு நம்பரைப் பாருங்க. முதல் நம்பர் புதுசா வந்தப்போ இருந்த கொள்ளளவு, ரெண்டாவது இப்போ இருக்கறது. 50,000க்கு 42,000 இருந்தா 84 பர்சென்ட், நல்ல பேட்டரி, மாத்தச் சொன்னா மாத்தாதீங்க. 25,000, 28,000ன்னு வந்துடுச்சுன்னா பேட்டரிக்கு வயசாயிடுச்சு. அப்பவும் ஸ்லீப் பிரச்சனையைச் சரி பண்ணிட்டு மாத்துங்க, இல்லன்னா புதுசும் அதே சூட்டுல சீக்கிரம் இதே கதிக்கு வரும்.

மேக், லினக்ஸ்

மேக்ல சிஸ்டம் செட்டிங்ஸ், பேட்டரி, ஆப்ஷன்ஸ் போய் வேக் ஃபார் நெட்வொர்க் ஆக்சஸ்ங்கறதை ஒன்லி ஆன் பவர் அடாப்டர்னு மாத்துங்க, பெரும்பாலும் அதுவே போதும். லினக்ஸ்ல சிஸ், பவர் ஃபோல்டருக்குள்ள மெம் அண்டர்ஸ்கோர் ஸ்லீப்னு ஒரு ஃபைல் இருக்கும், அதுல எஸ்2ஐடில், டீப்னு ரெண்டும் இருந்து எஸ்2ஐடில் மேல சதுர அடைப்பு இருந்தா இலேசான தூக்கத்துல இருக்கீங்கன்னு அர்த்தம், டீப்புக்கு மாத்தினா எஸ்3. டீப்ங்கற பேரே இல்லன்னா அந்த மெஷின்ல எஸ்3 கிடையாது, அங்கயும் ஹைபர்னேட் செட் பண்ணிக்கறதுதான் வழி.

விண்டோஸ்ல இவ்ளோ பண்ணியும் ஸ்லீப் ஸ்டடில சிவப்பு வரி போகலன்னா, வாரன்டி இருக்கற மெஷினா இருந்தா, ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட்டையும் பேட்டரி ரிப்போர்ட்டையும் பென் டிரைவ்ல போட்டு சர்வீஸ் சென்டருக்கு எடுத்துட்டுப் போங்க. "பேட்டரி நிக்க மாட்டேங்குது"ன்னு மட்டும் சொன்னா ஒரு ராத்திரி வச்சிருந்துட்டு எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு திருப்பிக் குடுத்துடுவாங்க. அதுக்குப் பதிலா "மூடி வச்சா ஹார்டுவேர் லோ பவருக்குப் போக மாட்டேங்குது, பயாஸும் டிரைவரும் புதுசு போட்டாச்சு, இதுல முதல்ல இந்தப் பேருதான் வருது பாருங்க"ன்னு அந்த வரியைத் திறந்து காட்டுங்க, என்ன சொன்னீங்கன்னு ஜாப் ஷீட்ல எழுதச் சொல்லி ஒரு காப்பி வாங்கிக்கங்க. குடுக்கறதுக்கு முன்னாடி உங்க ஃபைல் எல்லாம் வேற டிரைவ்ல பேக்கப் எடுத்துடுங்க, மதர்போர்டு மாத்தினாங்கன்னா பிட்லாக்கர் கீ திரும்பக் கேக்கும், எழுதி வச்ச பேப்பரை வீட்லயே வச்சுக்கங்க.